தங்கை எடுத்துவந்த புத்தகங்கள்

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியவளாகிவிட்டேனாம். அதோடு தெரு போயிற்று, தென்காசி ரத வீதிகள் போயின, வாசகசாலையும் போயிற்று. தெருவுக்காக நான் அழவில்லை. வாசகசாலைக்காக அழுதேன். வீட்டில் ஒருவரும் அதை நம்பவில்லை. வயிற்றுவலி என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்திய வாசகசாலை அது. அப்பா அதில் அங்கத்தினர். பத்திரிகை பார்ப்பதோடு சரி. ஆனால் அவர் பேருக்கு ஒரு சமயத்தில் ஒரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துவரலாம். பெரிய அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய பஞ்சாங்கக் கட்டுகளுக்குப் பின்னால், குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்கள் கிடந்தன. தரையோடு குனிந்து கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அங்கே வருகிற அங்கவஸ்திரங்களில் எது குனியும்? நான்தான் குனிவேன்.

வீட்டுக்குள் அடைபட்ட பிறகு ஒரு நாள் துணிந்து அப்பாவிடம் கேட்டேன்.

"கல்யாணம் பண்ணிக் கொடுக்கப் போற பிள்ளைக்குச் சின்னப்பிள்ளைக் கதை என்னத்துக்கு?" என்றவர், போனால் போகிறதென்று அவராகவே ஒன்று கொண்டுவந்தார். புருஷன் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உபதேசம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தவிட்டுப் பானைக்கு மூடியாக வைத்தேன்.

அப்போதுதான் தங்கை ஞாபகத்துக்கு வந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. எந்த வாசலையும் தாண்டலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வாசகசாலைக்காரரும் நல்ல மனிதர். அப்பா பேருக்கு எழுதிக்கொண்டு அவள் கையில் கொடுத்துவிடுவார். அவள் படிக்கத்தான் எடுக்கிறாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். நான் ஏன் திருத்துகிறேன்?

ஆனால் அந்தக் கழுதைக்கு எடுக்கத் தெரியவில்லை. அட்டை பளபளவென்றிருந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நான் அவளை உட்காரவைத்துச் சொன்னேன்: "நடுப்பக்கத்தைத் திறந்து பாருட்டி. அங்கன யாராவது பேசுதாங்களா? பேசினா எடுத்துட்டு வா. வரிக்கு வரி 'வேண்டும், வேண்டும்'னு முடிஞ்சா அப்படியே வச்சிட்டு வந்திரு."

பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கொண்டுவந்ததில் சோடை என்று சொல்ல நாலைந்துதான் இருக்கும். சாரல் காலத்தில் சட்டைக்குள் செருகி, ஒரு சொட்டுப் படாமல் கொண்டுவருவாள். "இந்தா, உன் சனியன்" என்று என் மடியில் போட்டுவிட்டுத் தட்டாங்கல் ஆட ஓடிவிடுவாள். படிக்கிற சாதி இல்லை இவள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அடுக்களைக்குப் பின்னால் ஓர் இருட்டறை, அதற்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப்புறம் அடுத்த வீட்டுச் சுவர். மூன்று வருஷம் நான் பார்த்த வெளியுலகம் அந்தச் சுவர்தான். சில நாள் மூச்சு முட்டும். புத்தகம் இருந்த நாளில் மட்டும் முட்டாது.

அப்படி வந்த ஒன்றுதான் சர்க்கஸிலிருந்து ஓடிப்போன குட்டி யானையின் கதை. முதல் பாகம் முடிகிற இடத்தில் அது கூட்ஸ் வண்டியில் ஏறிவிடுகிறது, வண்டியும் கிளம்பிவிடுகிறது. இரண்டாம் பாகம் வேறு யாரிடமோ இருந்தது. சனிக்கிழமை தருகிறேன் என்றார் வாசகசாலைக்காரர். வியாழக்கிழமை சாயங்காலம் தங்கை கொல்லைப்பக்கம் என்னைத் தேடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. காதோடு காதாக விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, அம்மாட்ட சொல்லட்டுமா?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பயந்து நடுங்குகிறாள். கட்டிப்பிடித்துத் தேற்றியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "சனிக்கிழமை வரைக்கும் மூச்சு விடாதே."

சனிக்கிழமை போனாள், இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தாள். அதோடு விட்டேனா? அவள் வாயைத் திறந்தால் அவளும் என்னைப்போல வீட்டோடுதான்; அதுதான் எனக்குக் கடைசிப் புத்தகம். இன்னும் ஒன்று, இன்னும் ஒரே ஒன்று என்று மனசு அடித்துக்கொண்டது. "திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோட்டி" என்றேன். தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் குடும்பத்தோடு குற்றாலம் கிளம்பினோம். வருஷத்துக்கு ஒரு தடவை எனக்குக் கிடைக்கிற விடுதலை, அதுவும் கூண்டு வண்டிக்குள். முந்தின நாள் கட்டுச்சோற்று வேலையில் பிரிக்கவே முடியாததால், வழியில் படிக்கலாமென்று புத்தகத்தைத் தங்கையின் மாற்றுத்துணி மூட்டைக்குள் வைக்கச் சொல்லியிருந்தேன். அப்பாவும் வண்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். மூட்டையைத் தொட முடியவில்லை.

அருவியில் குளித்துவிட்டுக் கோயிலுக்கு வந்தோம். வாசலில் தங்கை நின்றுவிட்டாள்.

"வாட்டி உள்ள" என்றாள் அம்மா.

"நான் வரல."

"ஏன்?"

உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது அவளுக்கு. "சாமி கண்ணைக் குத்திரும். அக்காதான் சொல்லாதேன்னா. புஸ்தகம் எடுக்கணுமாம்."

அம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஈரக்கையால் என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "அடி பாவி, புஸ்தகத்துக்காகவா மூணு நாளா தீட்டை மறைச்சே?" கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அப்பா எங்களைத் தெரியாதவர்போல நாலடி தள்ளி நின்றார். எனக்கு அடி வலிக்கவில்லை. எல்லாம் முடிந்துபோயிற்றே என்றுதான் இருந்தது.

திரும்பும்போது தங்கையை வண்டியின் கடைசியில் தனியாக உட்காரவைத்தார்கள். மூட்டை அவள் மடியிலேயே இருந்தது. தீட்டுப்பட்டதை வேறு யார் தொடுவார்கள்? அவள் பதினாறு நாள் தனியாக இருக்க, மாமா வந்து கொல்லையில் பச்சை ஓலைக் குச்சு கட்டினார். மூட்டையும் புத்தகமும் அவளோடு உள்ளே போயின. பதினாறாம் நாள் புத்தகத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இனி ஒன்றும் இந்த வீட்டுக்கு வராது என்று சொல்லிவிட்டு வரப்போவதாக அப்பா அறிவித்தார்.

அவளுக்குச் சோறு கொண்டுபோய் வைக்கிற வேலை எனக்கு. மறுநாளே குச்சு வாசலில் நின்று, "ஏட்டி, அதை இங்கன வையி. தண்ணி தெளிச்சு எடுத்துக்கிடுதேன்" என்றேன். ஓலை இடுக்கில் பார்த்தேன். காலை நீட்டிக்கொண்டு, உதடு அசைய, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே களுக்கென்று சிரித்தாள்.

"என்னட்டி சிரிக்கே? ஆனை என்ன செய்யுது?"

ஒரு பக்கத்தைப் புரட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல் பாகம் தெரியாம உனக்கு என்னத்தைப் புரியும்?"

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நீதான் சொல்லலியே. மூணு வருசமா நான்தான் தூக்கிட்டு வந்தேன். ஒரு கதையாவது எனக்குச் சொல்லியிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. வெட்கமாக இருந்தது. ஈரத்தரையில் உட்கார்ந்து, "ஒரு ஊர்ல ஒரு சர்க்கஸ் கூடாரம்..." என்று தொடங்கினேன்.

"இப்ப வேண்டாம். நான் படிக்கேன்லா, போ" என்றாள்.

தட்டை வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன்.