யாரோ உடம்பில் என் வீட்டுக்காரர் தலை

அந்த நாவலைப் படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கடல் தாண்டிய ஏதோ ஒரு நாட்டில் எழுதியதாம், நையாண்டியாம், உலகமே கொண்டாடுகிறதாம். பின்னட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. ஒருவன் செத்துப் போகிறான். செத்த பிறகு சாவகாசமாகத் தன் கதையைத் தானே சொல்கிறான். எதற்கும் உதவாமல் வாழ்ந்ததை, வாய்க்கு வந்ததைப் பீற்றிக்கொண்டதை, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்கிறான். உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதில் என்ன வீரம்? செத்தவனை யார் போய்ச் சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள்?

என் வீட்டுக்காரருக்கோ அந்தப் புத்தகம் அவ்வளவு பிடித்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போனபோது, தரையில் சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்த பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்து ஓய்ந்தவள் நான். பத்தாவது வரை படிப்பு. கிடைத்ததை எல்லாம் படிப்பேன். அவர் அப்போது வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து கட்டிலில் கிடந்தார். டிவியைப் போட்டால் அணைக்கச் சொல்லுவார். அதனால் நான் படித்து முடித்திருந்த அந்தப் புத்தகத்தையே மத்தியானத்தில் அவருக்கு மறுபடி சத்தமாக வாசித்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் ஆட்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பார்கள். ஊருக்குத் திரும்பியதும் கோழிப்பண்ணை வைத்தார், போண்டியானது. டெலிபோன் பூத் வைத்தார், எல்லார் கைக்கும் செல்போன் வந்தது. வார்டு தேர்தலில் நின்றார், டெபாசிட் போனது. ஆனால் டீக்கடையில் அவர்தான் ராஜா. பனிமலை, எதிரி, காதோரம் சீறிப் போன குண்டு என்று அள்ளி விடுவார். முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. குண்டு உரசிய இடம் என்று சட்டையைச் சுருட்டிக் காட்டுவார். சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக் கொடி ஏற்றச் சொல்லுவார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு போவார்.

வீட்டில் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் கேட்பார். ஆனால் வாய் மட்டும் ஓயாது. உப்பு கூட, புளி தூக்கல், பருப்பு வேகவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு நாள்கூட என் குழம்பை அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

ஒரு நாள் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சிரிக்க ஆரம்பித்தார். கோணிய வாயில் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். பேச்சு குழறும், ஆனால் எனக்குப் புரியும்.

"ஏட்டி, நானும் இவனும் ஒண்ணுதான்."

"என்னத்துல ஒண்ணு?"

"நான் சண்டைக்கே போனதில்ல. பயிற்சியில சுட்டதோட சரி. பட்டாளத்துல நான் சமையலு."

"சமையலா?"

"நூறு பேருக்கு. மூணு நேரமும்."

"அப்ப கையில குண்டு பட்ட தழும்பு?"

"பூரி சட்டி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன்.

"நான் ஆக்குனதுல பூராம் நொட்டை சொன்னீகளே! தெரிஞ்ச மனுசன் ஒரு நாளாச்சும் வந்து கரண்டியப் பிடிச்சீகளா? காய்ச்சல்ல கெடந்தப்பவும் நாந்தான எந்திரிச்சுப் போயி உல வச்சேன்?"

"பிடிச்சா கண்டுபிடிச்சிருவ ஏட்டி. வெங்காயம் வெட்டுத வேகத்துலயே தெரிஞ்சிரும்."

இதற்குத்தான் அந்த மனிதர் இத்தனை வருடமும் அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. தாண்டினால் பனிமலை போய்விடும், மீசை போய்விடும். அன்று சோற்றைப் பிசைந்து ஊட்டினேன், வாயைத் துடைத்தேன், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.

மறுநாள் பருப்பு தாளிக்கும்போது கட்டிலில் இருந்து குரல் வந்தது. "தீயக் கொற. சீரகம் கருகுது." அங்கே படுத்துக்கொண்டு மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டார். கட்டிலை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டேன். பிறகு நாவலை விட்டுவிட்டு அவர் கதையைக் கேட்டேன். பனியில் மாவு பிசைய வெந்நீர் ஊற்றினால் பிசைந்து முடிப்பதற்குள் அது ஐஸ் தண்ணீராகிவிடும். விரல் மரத்துப் போகும். மேலே காவலுக்குப் போய்விட்டு இறங்கி வந்த ஒரு தமிழ்ப் பையன் இவர் வைத்த சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு அழுதானாம். "எதுக்குலே அழுத?" என்று கேட்டதற்கு, "சூடா இருக்குண்ணே" என்றானாம்.

இதை விட்டுவிட்டு இந்த மனிதர் டீக்கடையில் குண்டுக் கதை சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பொய் சொன்னதைக்கூட விடுங்கள். சொல்ல நல்ல கதை கையில் இருந்தும் அதைக் கேவலம் என்று ஒளித்து வைத்தாரே.

"இத ஊருக்குச் சொல்லுங்க" என்றேன்.

"உசுரோட இருக்கையில சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நான் போன பொறவு நீ சொல்லிரு. இந்தப் புத்தகத்துக்காரன் சொன்னாம்லா, அப்படிச் சொல்லு."

"நல்லா இருக்கே! நீங்க போய்ச் சேந்துருவீக. தெருவுல மூஞ்சியக் காட்டப் போறது நானு."

"ஆமா. நீதான் பயப்பட மாட்டியே."

தை மாதம் அவர் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முன்நின்று செய்தது என் கொழுந்தன், அவருடைய தம்பி. போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர், சோழபுரத்தில் இருக்கிறார். பதினாறாம் நாள் படத்திறப்பு. முதல் நாளே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனிமலை. துப்பாக்கி. அகன்ற மார்போடு ஒரு ஆள். அந்தக் கழுத்துக்கு மேலே என் வீட்டுக்காரர் தலை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு உடம்பைப் பிடித்து ஒட்டியிருக்கிறார். அவருக்கு அவ்வளவு தோள் கிடையாது. அந்தக் கையில் தழும்பும் இல்லை.

கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அது யாரு உடம்பு?"

"மதினி, பாக்க கெத்தா இருக்குல்லா?"

"உங்க அண்ணன் சமையக்காரரு. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எனக்கு அப்பவே தெரியும். அத ஊருக்குத் தெரியணுமாக்கும்? செத்த மனுசன அசிங்கப்படுத்தாதீக."

"நானா அசிங்கப்படுத்துதேன்? தலைய வெட்டி வேற முண்டத்துல ஒட்டுனது நீங்க."

என் மகன் குறுக்கே வந்தான். கோயம்புத்தூரில் வேலை. "அம்மா, என் மாமனார் வீட்டுல இருந்து எல்லாரும் வாராக. நீ செத்த நேரம் சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். தாலி இறக்கிய பொம்பளை அன்றைக்கு உள்ளே மூலையில் உட்கார வேண்டும். யார் முகத்திலும் விழிக்கக் கூடாது. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். உட்கார்ந்திருந்தேன். வெளியே பந்தலில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். வார்டு மெம்பர் எல்லைச்சாமி என்றார். அடுத்தவர் ஒரே ஆளாக எதிரியை விரட்டினார் என்றார். மூன்றாவது ஆள் ஒரு படி மேலே போய், குண்டு கடைசி வரை அவர் உடம்பிலேயே இருந்தது என்றார். சுடுகாட்டில் சாம்பல் அள்ளியபோது கிடைத்ததா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. ஆளுக்கு ஒரு வாய் போட்டு அந்த முண்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். கட்டிலில் கிடந்து சீரகம் கருகுது என்று சொன்ன மனிதர் இல்லாமலே போய்க்கொண்டிருந்தார். இப்போது விட்டால் பேரப்பிள்ளைகளுக்கு அந்த முண்டம்தான் தாத்தா.

எழுந்தேன். பக்கத்தில் இருந்த பொம்பளைகள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு வெளியே போனேன். பேசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் திகைத்துப் போய் மைக்கைக் கொடுத்துவிட்டார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"எல்லாரும் உக்காருங்க. பேசுதது நாந்தான். செத்துப் போனவன் பேசுதேன்."

என்மேல் ஆவி வந்துவிட்டது என்று சிலர் நினைத்திருக்கலாம். முன்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இந்தா ஃப்ளெக்ஸ்ல நிக்கானே, அவன் ஆருன்னு எனக்குத் தெரியாது. தலை மட்டும் என்னது. ஒடம்பு எவன்துன்னு கடைக்காரர்ட்ட கேட்டுக்கோங்க. நான் பட்டாளத்துல சமையக்காரன். கையில இருந்தது பூரி சட்டி சுட்ட தழும்பு. டீக்கடையில சொன்னது பூராம் புளுகு. நம்புன உங்களச் சொல்லணும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கோழிப்பண்ணை வச்சேன், கோழி போச்சு. எலெக்சன்ல நின்னேன், எம் பொண்டாட்டியே எனக்கு ஓட்டுப் போடல."

அது உண்மை. நான் போடவில்லை. இப்போது பாதிப் பந்தல் சிரித்தது. கொழுந்தன் ஓடிப் போய் மைக் செட்டை அணைத்தார். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைத் திறந்தேன். பேண்டேஜ் கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

"நான் ஆக்கிப் போடலேன்னா துப்பாக்கி தூக்குனவன் எவன் நின்னிருப்பான்? பனியில நூறு பேருக்கு மாவு பெசஞ்சேன். என் சாம்பாரக் குடிச்சிட்டு ஒரு பய அழுதான். அதச் சொல்ல வெக்கப்பட்டேன், அதுதான் நான் பண்ணுன தப்பு. சமைச்சதுல ஒரு தப்பும் இல்ல. அம்புட்டுதான். எல்லாரும் சாப்பிட்டுப் போங்க."

எல்லாரும் சாப்பிடவில்லை. கொழுந்தன் இலையில் உட்காராமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை பேச்சு இல்லை. மகனுடைய மாமனார் வீட்டார் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார்கள். மகன் உள்ளே வந்து, "உனக்கு இப்ப திருப்தியா?" என்று கேட்டான். திருப்தி என்றேன். அவன் அழுதான். நான் அழவில்லை. அன்றைக்கு என்னிடம் அழுகை மிச்சம் இல்லை.

மறுநாள் காலையில் வீட்டில் பால் இல்லை. அதற்குள் வெளியே போகக் கூடாது, யாரையாவது வாங்கி வரச் சொல் என்று என் வீட்டுக்காரரின் தங்கச்சி சொன்னாள். அந்த நாவலில் வரும் செத்தவனுக்கு இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. கதையைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். நான் தெருவில் நடக்க வேண்டும். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஃப்ளெக்ஸ் அப்படியே தொங்கியது. டீக்கடையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

பால் கடையில் மூன்று பேர் நின்றார்கள். கடைக்காரி முதலில் ஆரம்பித்தாள்.

"என்னக்கா, அதுக்குள்ள வெளிய கெளம்பிட்டீக?"

"பால் வேணும்லா."

நின்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். "வழி விடு ஆத்தா. சமையக்காரர் பொண்டாட்டி வாராக."

நான் அவள் முகத்துக்கு நேராகத் திரும்பினேன்.

"ஆமா, சமையக்காரர் பொண்டாட்டிதான். இனிமே அப்படியே கூப்பிடு. கூப்பிடும்போது சத்தமாக் கூப்பிடு, தெருமுனை வரைக்கும் கேக்கணும்."