கடல்முன் இறங்கிய கைலி

போன வாரம் மகள் என்னை ஒரு மாலுக்கு இழுத்துப் போய் முழுநீள அனிமேஷன் படம் ஒன்றுக்கு உட்காரவைத்தாள். கதாநாயகி மலையுச்சியில் நிற்கிறாள். பின்னால் சால்வை காற்றில் பறக்கிறது. ஐயோ, அந்தச் சால்வை! ஒவ்வொரு மடிப்புக்கும் தனி உயிர். என்னால் வாயை அடக்க முடியவில்லை. "துணியைப் பாருடி! துணியைப் பாரு!" என்று கத்தியேவிட்டேன். மகள் என் கையைக் கிள்ளினாள். "அம்மா, மிண்டாதிரி! ஆளுங்கள்லாம் நோக்குறாங்க." திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், தமிழில் திட்டினாலும் பாதி மலையாளமாகத்தான் வரும். நானும் வாயை மூடிக்கொண்டு மிண்டாமல் இருந்தேன், ஒரு நிமிடம்.

அப்புறம் பக்கத்து இருக்கைக்காரர் பாப்கார்னில் மிளகாய்ப்பொடியைத் தூவினார். எனக்கு ஒரு தும்மல். அவ்வளவுதான், படத்தை விட்டுவிட்டு நான் ஆரியசாலைக்குப் போய்விட்டேன்.

என் இளவயதில் எங்கள் வீடு திருவனந்தபுரத்து அந்தக் கடைத்தெருவில்தான், அப்பாவின் வத்தல் மிளகாய் மொத்தக்கடைக்கு நேர் மேலே. என் தலைமுடி, துப்பட்டா, சோற்றுப் பாத்திரம் எல்லாவற்றிலும் மிளகாய் நெடி. வேலைக்குச் சேர்ந்த அனிமேஷன் ஸ்டுடியோவில் நான் கதவைத் திறந்தாலே நாலு பேர் தும்முவார்கள். கம்ப்யூட்டர் இன்னும் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளாத காலம். அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் தாளை வைத்து, ஒவ்வோர் அசைவையும் பென்சிலால்தான் வரைவோம். அசைவின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பெரியவர்கள் வரைவார்கள். நடுவில் வருகிறதை நிரப்புவது என் போன்ற பொடிசுகளின் பாடு.

அதுவரை வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் வரைந்துகொண்டிருந்தோம். பனியைக் கண்ணால் பார்க்காதவர்கள் பனிச்சறுக்கு வரைந்தோம். ஒருநாள் எங்கள் இயக்குநர் (முன்பு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், அதனால் எல்லாருக்கும் மாஷ்) "இனி நம்முடெ சொந்தப் படம்!" என்றார். அதுவும் முழுநீளப் படம்! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு குஷி.

கதையைக் கேளுங்கள். விழிஞ்ஞத்து மீனவன் ஒருவன். மடித்துக் கட்டிய கைலியை ஊரில் எவனுக்காகவும் இறக்காத திமிர் பிடித்தவன். அவனுடைய வள்ளத்தைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. கடலோடேயே சண்டைக்குப் போகிறான். கடைசியில் கடல் மலைபோல எழுந்து அவன் முன்னால் நிற்கிறது. அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மடித்த கைலியை இறக்கிவிடுகிறான். பெரியவர்களைக் கண்டால் நம் ஆண்கள் செய்கிறார்களே, அதேதான். படத்தின் உயிரே அந்த ஓர் அசைவில் இருந்தது. அதன் நடுப்படங்களை மாஷ் என்னிடம் கொடுத்தார்.

வரைந்தேன். திரையில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டுடியோவே விழுந்து விழுந்து சிரித்தது. "மோளே, இவன் மரியாத காட்டியதல்ல, முண்டு அழிஞ்ஞு போயதா!" என்றார் மாஷ். உண்மைதான், பாவம், அவனுக்குக் கைலி அவிழ்ந்து விழுந்த மாதிரிதான் இருந்தது. மறுபடி வரைந்தேன். இப்போது கடைக்கு ஷட்டர் இறக்குகிறான். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அந்த அசைவை வெட்டிவிட்டு, "கடலம்மே, பொறுக்கணும்" என்று ஒரு வசனம் வைத்துவிடலாம் என்றார் மாஷ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வசனம்தான் வேண்டுமென்றால் ரேடியோ போதாதா? பேசாமல் சொல்வதற்குத்தானே ஐயா இத்தனை தாள் வரைகிறோம்!

அப்பாவைப் பிடித்தேன். "வேட்டியை மடிச்சுக் கட்டுங்கப்பா. இப்ப இறக்குங்க. இன்னொரு தடவை."

"ஏட்டி, உனக்கு வேற சோலி இல்லியா? கடையில ஆளு நிக்கி" என்று சிரித்துக்கொண்டே இறக்கினார். பிரயோஜனமில்லை. போட்டோவுக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கல்லா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். போன் அடித்தது. திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா. தகப்பன் ஸ்தானத்தில் நின்று அப்பாவை வளர்த்த அண்ணன். "அண்ணே, சொல்லுங்கண்ணே" என்றபடி அப்பா எழுந்தார். எழுந்தவர், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். போனுக்கு! மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணனுக்கு!

பார்த்துவிட்டேன்! முதலில் கழுத்து தாழ்ந்தது. பிறகு கை தானாக இடுப்புக்குப் போனது; கண் அந்தப் பக்கமே போகவில்லை. கை விட்ட பிறகும் துணி ஒரு கணம் தயங்கித்தான் இறங்கியது. நானோ துணியை முதலில் இறக்கிக்கொண்டிருந்தேன், மடச்சி! சாக்குமேல் கிடந்த பொட்டலத் தாளில் கிறுக்கிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினேன். ஒரு காலில் அம்மாவின் செருப்பு இருந்ததை ஸ்டுடியோவுக்குப் போய்த்தான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை ஓட்டினோம். யாரும் சிரிக்கவில்லை. "ஒந்நுகூடி" என்றார் மாஷ். மறுபடி ஓட்டினோம். "டயலாக் வேண்டா" என்றார். துள்ளிக் குதித்ததில் பென்சில் டப்பா கீழே கொட்டியது.

தம்பானூர் பக்கம் ஒரு தியேட்டரில் முதல் காட்சி. விழிஞ்ஞத்திலிருந்து மீனவர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். வள்ளம் சரியில்லை, வலை சரியில்லை என்று ஆரம்பத்திலிருந்தே கேலி. கடல் எழுந்தது. அவன் கழுத்து தாழ்ந்தது. கேலி நின்றது. கைலி இறங்கியதும் விசில், கூக்குரல், எவரோ நாற்காலியை உதைக்கிறார்! எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. அந்த இரைச்சலில் அப்பா என் காதருகே குனிந்தார்.

"ஏட்டி, இவன் யாருட்ட போன் பேசுதான்?"

அந்தப் படம் இப்போது எங்கேயும் இல்லை. கொஞ்ச நாள் ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போனது. பிறகு பெட்டியும் போன இடம் தெரியவில்லை. இணையத்தில் தேடித் தேடிச் சலித்துவிட்டேன். ஸ்டுடியோ இருந்த கட்டடத்தில் டைல்ஸ் விற்கிறார்கள். ஆரியசாலைக் கடையும் கைமாறிவிட்டது. என் தலைமுடியில் இப்போது வெறும் ஷாம்பூ வாசனைதான்.

அப்பாவும் இல்லை. கடைசி நாட்களில் பேச்சு நின்றுபோய், ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை அங்கியில் படுத்திருந்தார். ஒரு மத்தியானம் பெரியப்பா கூப்பிட்டார். என் செல்போனை அப்பாவின் காதில் வைத்தேன். "தம்பீ" என்றது அந்தக் குரல். அப்பாவின் கழுத்து கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு கை இடுப்புக்குப் போனது. அங்கே வேட்டி இல்லை. கை தேடிக்கொண்டே இருந்தது. நான் போர்வையின் ஓரத்தை மடித்து அந்தக் கையில் வைத்தேன். அதைப் பிடித்து, மெதுவாக இறக்கிவிட்டார்.