மூடிக்காரர் வாங்கிய ஸ்பீக்கர்

அந்தக் குடியிருப்பில் மூடிக்காரர் வீடு எது என்று கேட்டால் மூன்றாம் மாடியைக் கைகாட்டுவார்கள். டப்பாத் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் முன்னால் நின்று தகரத்தில் மூடி வெட்டுகிற வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதே மெஷின், நிமிஷத்துக்கு அறுபது அடி, அடிக்கு ஒரு மூடி. காதுக்கு அடைப்பான் என்று இப்போதுதான் ஏதோ கொடுக்கிறார்கள், அவர் சேர்ந்த காலத்தில் அதையெல்லாம் யார் கண்டது? மனிதர் தங்கமானவர்தான். ஆனால் பெண்டாட்டிக்குக் கொடுத்த ஒரு வாக்கை இருபத்தாறு வருஷம் இழுத்தடித்தாரே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

கல்யாணமாகி வந்தபோது அந்த அம்மாள் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். அவருடைய அப்பா சேர்த்துவைத்த இசைத்தட்டுகள், நாற்பத்து மூன்று. தட்டை ஓட்டிக் கேட்கிற பெட்டி அதற்கு முன்பே பழுதாகிப் போயிருந்தது. “கவலையே படாதே, ரெண்டே மாசத்துல ஒரு செட் வாங்கிடலாம்” என்று புதுமாப்பிள்ளை சொன்னார். அப்புறம் வாடகை, மகள் படிப்பு, அது, இது. மரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வருஷம் ஒருமுறை அந்த அம்மாள் ஒவ்வொரு தட்டாக எடுத்துத் துடைத்து உள்ளே வைப்பார். ஒருநாள்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டு ஒரு சண்டை போட்டிருந்தாலாவது மூடிக்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன மாதம் அவர் ஒரே போடாகப் போட்டார். “இந்த ஞாயித்துக்கிழமை செட் வாங்கறோம். நீ மட்டும் கடைக்கு வரக்கூடாது. விலையைக் கேட்டதும் என் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்துடுவே.”

“சரிங்க, நான் வரல” என்றார் மனைவி. கிளினிக்கில் நர்ஸ் வேலை, ஞாயிறும் டியூட்டி உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் பெட்டியை வெளியே எடுத்துத் தட்டுகளைத் துடைத்த வேகத்தை மூடிக்காரர் பார்த்தார்.

துணைக்கு மச்சினன் வந்தான், மனைவியின் தம்பி. செல்போன் பழுதுபார்க்கிறவன். ஒரு வாரமாக வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு பஸ்ஸில் வழிநெடுகப் பாடம் நடத்தினான். “மாமா, தட்டுல இருந்து வர்ற சத்தம் ரொம்பச் சன்னமா இருக்கும். அதைத் தூக்கிவிடற வசதி ஆம்ப்ளிஃபையர்லயே இருக்கணும். ஊசி கண்டிப்பா புதுசு. மிச்சக் காசை அப்படியே ஸ்பீக்கர்ல போட்டுடணும். காதுக்கு வந்து சேர்றது அதுதானே!”

பழைய சாமான், புதுச் சாமான் இரண்டும் விற்கிற கடை. தட்டைச் சுழற்றுகிற டர்ன்டேபிள் சட்டென்று அமைந்துவிட்டது. ஆம்ப்ளிஃபையரில் கடைக்காரர் முதலில் காட்டியதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், அவ்வளவுதான். மூடிக்காரருக்குப் பிடிக்கவில்லை. “திருகிச் சரிபண்ண ஒண்ணுமே இல்லையே, இதெல்லாம் ஒரு மெஷினா?” தாழ்ந்த சத்தத்துக்கு பாஸ், கீச்சுச் சத்தத்துக்கு ட்ரெபிள் என்று தனித்தனிக் குமிழ் வைத்த பழைய கனத்த பெட்டியை எடுத்துக்கொண்டார்.

வம்பு ஸ்பீக்கரில் வந்தது. கையில் இருந்த பணத்துக்கு இரண்டு ஜோடி தேறின. முதல் ஜோடியில் ஒரு பாட்டைப் போட்டார் கடைக்காரர். மூடிக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. இரண்டாவது ஜோடியில் அதே பாட்டு. அட! வயலின் வந்தது. பாடுகிறவளுடைய சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுந்தது. இத்தனை தெளிவாக அவர் எதையும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“மாமா, கொஞ்சம் கூசுதே” என்று மச்சினன் மூக்கைச் சுளித்தான்.

“முதல் ஜோடிதான் பக்குவமா இருக்கும் சார்” என்றார் கடைக்காரர். “இது நேரம் ஆக ஆகக் காதைக் குத்தும்.”

முதல் ஜோடி விலை சற்றுக் கூடுதல். ஓஹோ, அதுதானா சங்கதி என்று நினைத்துக்கொண்டார் மூடிக்காரர். பாவம், அந்தக் கடைக்காரர் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார். இவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது ஜோடி வீட்டுக்கு வந்தது. வந்ததும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகிவைத்தார்.

அப்பாவின் தட்டில் முதல்முதலாக ஊசி இறங்கியபோது மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்லா இருக்கா?” என்று இவர் நாலு தடவை கேட்டார். “அருமையா இருக்குங்க” என்று நாலு தடவையும் பதில் வந்தது. அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். மூடிக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஊசியைப் பற்றியும் டர்ன்டேபிள் பெல்ட்டைப் பற்றியும் பேசிப் பேசியே மெஷின் ஷாப்பில் இரண்டு பேரை ஓடவிட்டார்.

ஒன்பதாம் நாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, “நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டு” என்றார். பக்கத்தில் இருந்த மனைவி திரும்பவில்லை. “உன்னத்தாம்மா!” அதற்கும் பதில் இல்லை. ஐயையோ, இவளுக்குக் காது மந்தமாகிவிட்டதா என்று பகீரென்றது அவருக்கு. தோளைத் தொடக் கையை நீட்டினார். மின்விசிறிக் காற்றில் காதோர முடி விலகிற்று.

காதுக்குள் பஞ்சு இருந்தது. கிளினிக் பஞ்சு, நேர்த்தியாக உருட்டி வைத்தது.

தூக்கிவாரிப் போட்டது மூடிக்காரருக்கு. அந்தப் பக்கக் காதை எட்டிப் பார்த்தார். அதிலும் பஞ்சு. ஒன்பது நாளும் இப்படித்தானா? வாங்கியது யாருக்காக? இருபத்தாறு வருஷம் காக்கவைத்து, கடைசியில் காதை அடைத்துக்கொண்டு கேட்கிற ஒன்றையா கொண்டுவந்து கொடுத்தோம் என்று கூனிக் குறுகிப்போனார்.

மனைவி அவசரமாகப் பஞ்சை எடுத்தார். “ஒண்ணுமில்லைங்க. கிளினிக்ல இருந்து வந்தா கொஞ்சம் தலைவலி, அதான்.”

“பொய் சொல்லாதே. குத்துதா?”

மனைவி பஞ்சைக் கைக்குள் உருட்டிக்கொண்டார். “குத்துது” என்றார்.

“அதை ஏன் மொத நாளே சொல்லல?”

“நீங்க அவ்வளவு சந்தோஷமா உக்காந்திருந்தீங்க. அதைப் போய் எப்படிக் கெடுக்கறது?”

“எனக்குக் குத்தலையே” என்றார் மூடிக்காரர். சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. மச்சினன் சுளித்த மூக்கும் கடைக்காரர் சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. “என் காதுதான் போயிடுச்சா?”

“போன மழைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அக்குள்ல தெர்மாமீட்டர் பீப் பீப்னு அடிச்சு ஓய்ஞ்சே போச்சு. நீங்க அதை இடுக்கிக்கிட்டே, இன்னும் ஆகலையான்னு என்னைக் கேட்டீங்க. அன்னிக்கே தெரியும் எனக்கு. கீச்சுச் சத்தம் எதுவும் உங்களுக்கு எட்டறதில்ல. டாக்டர்கிட்ட போலாம்னு எத்தனை தரம் சொன்னேன்? கேட்டாத்தானே!”

மூடிக்காரர் எழுந்து ஆம்ப்ளிஃபையர் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தொழிற்சாலையில் மெஷினைச் சரிபண்ணும்போது ஒருவர் திருகுவார், இன்னொருவர் வெட்டி வந்த மூடியைப் பார்த்துச் சொல்வார். பார்க்கிறவர் சொல்வதுதான் சட்டம், திருகுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. “நீ கேட்டுச் சொல்லு, நான் திருகறேன்” என்று ட்ரெபிள் குமிழில் விரலை வைத்தார்.

“இன்னும் கொஞ்சம்... இன்னும்...”

முதலில் பல்லவிக்கு நடுவே வருகிற சின்ன மணி அவருக்குக் காணாமல் போயிற்று. அப்புறம் வயலின். அப்புறம் பாடுகிறவள் மறுபடியும் போர்வைக்குள் போய்விட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

“நில்லுங்க! அதான்.”

திரும்பிப் பார்த்தார். மனைவி தோளைத் தளர்த்திச் சுவரில் சாய்ந்திருந்தார். ஒன்பது நாளில் ஒருமுறைகூட அவர் அப்படிச் சாய்ந்து உட்காரவில்லை என்பது இப்போதுதான் மூடிக்காரருக்கு உறைத்தது. “எங்கப்பா வீட்டுல கேட்டது இதுதாங்க” என்றார் மனைவி. மகள் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சு அலமாரியில் இருந்தது. மெஷினில் போடுகிற மாதிரியே அதால் குமிழுக்கு நேராக ஒரு கோடு போட்டார் மூடிக்காரர். இனி அது அங்கிருந்து அசையக் கூடாது.

தட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பாதிப் பாட்டுத்தான் வந்தது. அதைச் சொல்லவா போகிறார்? தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். மனைவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பல்லவி வந்ததும் அவருடைய புறங்கையில் ஒரு விரலால் மூன்று தட்டுத் தட்டினார்.

“என்ன பண்றே?”

“இங்க மணி வருது.”

மூடிக்காரருக்குக் கண் கரித்தது. கையை அங்கேயே வைத்திருந்தார். இரண்டாம் தடவை பல்லவி வந்தபோதும் மூன்று தட்டு. மூன்றாம் தடவை மனைவி விரலை நிறுத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். நிமிஷத்துக்கு அறுபது அடி எண்ணிப் பழகியவர் அவர். மனைவியின் கையைத் தேடிப் பிடித்து அதன்மேல் மூன்று தட்டுத் தட்டினார்.

“இங்கதானே?”

“இங்கதாங்க” என்றார் மனைவி.