கற்பனை என்றால் கட்டளை

முனைவர் பட்ட ஆராய்ச்சி என்பது பாதி நேரம் படிப்பது, மீதி நேரம் 'தலைப்பு என்னம்மா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. பதிவு செய்துவிட்டு அல்லாடும் சக ஆய்வு மாணவர்களான உங்களுக்கு இது தெரியாததில்லை. என் தலைப்பு 'மோசேக்கு முந்தைய கற்பனைகள்'. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, ஞாயிறு பள்ளியில் பத்துக் கற்பனைகளை மனப்பாடம் செய்தவள் நான். எங்கள் வேதாகமத் தமிழில் கற்பனை என்றால் கடவுளின் கட்டளை. சீனாய் மலையில் மோசே சட்டம் வாங்கி வருவதற்கு முன்னால் மனிதர்கள் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. தலைப்பில் கமிட்டி கையெழுத்துப் போட்டால் பதிவு உறுதி. இல்லாவிட்டால் அடுத்த கூட்டம் வரை ஆறு மாதம் சும்மா உட்கார வேண்டும்.

பாதியில் நின்ற சொல்

என் நெறியாளர் மேடத்துக்கு வீடு ஸ்ரீரங்கம். கமிட்டிக்கு அனுப்ப வேண்டிய ஆய்வுச் சுருக்கத்தை அவர் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு டி.டி.பி. கடையில் அடிக்கக் கொடுத்தேன். உள்பக்கங்களை வரி வரியாகச் சரிபார்த்த நாங்கள் இருவரும் அட்டையைப் பார்க்கவில்லை. எல்லாப் பிரதிகளும் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால், 'மோசேக்கு முந்தைய கற்பனைக் கதைகள்'.

கடைக்குச் சண்டைக்குப் போனேன். கடைக்காரர் நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நிதானமாகப் பார்த்தார். கற்பனை என்று மொட்டையாக நின்றதால் மிச்சத்தை அவரே சேர்த்தாராம். "தப்பைத் திருத்தலைன்னு சண்டைக்கு வரவாளைப் பார்த்திருக்கேன். திருத்தினதுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

புகைக்காதே

துறை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தலைப்பை யாரோ படமெடுத்து எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அன்று மாலையே சபையின் மூத்த பொறுப்பாளரான மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சுப்பிழை என்று விளக்கினேன். புரிந்துகொண்டார், ஆனால் கோபம் அப்படியே சரியான தலைப்பின் மேல் திரும்பியது. "மோசேக்கு முன்னாடி சட்டமே எழுதலையேம்மா. இல்லாததை என்ன ஆராயப் போற?"

"காயீன் தம்பியைக் கொன்னப்ப, கொல்லாதேன்னு எங்க அங்கிள் எழுதியிருந்துச்சு? அப்புறம் ஆண்டவர் எந்தச் சட்டத்துல அவனைக் கேள்வி கேட்டாரு?" என்றேன். அப்பா டீயை நீட்டி, "இவ பேப்பர்காரனோடயே சண்டை போடுவா, நீங்க குடிங்க" என்றார். மூப்பர் டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பெயிண்ட் ஷாப்ல புகைக்காதேன்னு போர்டு ரொம்ப நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே பீடி பத்த வெச்சவனை ஃபோர்மேன் செவுள்ல விட்டாரு. வாங்கினது நான்தான்."

மேடத்தின் யோசனை

'கட்டளைகள்' என்று மாற்றிவிடு, ஒரு குழப்பமும் வராது என்றார் மேடம். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டளை என்றால் ஒருவர் எதிரே நின்று இட வேண்டும். மோசேக்கு வெகு முன்னால் வாழ்ந்த ஆபிரகாமுக்கு யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் கற்பனைகளைக் கைக்கொண்டான் என்று வேதாகமத்தில் பாராட்டு இருக்கிறது. கற்பிக்கப்பட்டது கற்பனை. யார் கற்பித்தார், எப்படி என்பதுதானே ஆய்வு? மூச்சு விடாமல் பேசி முடித்தேன்.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்மா. சரியா இருந்துண்டு ஆறு மாசம் உக்காரப் போறியா, கொஞ்சம் தப்பா இருந்து நாளைக்கே ஆரம்பிக்கப் போறியா?"

வெளி நிபுணர்

கமிட்டிக்கு வந்த வெளி நிபுணர் ஓய்வுபெற்ற சமஸ்கிருதப் பேராசிரியர். நெற்றியில் பளிச்சென்று திருமண். அட்டைப் பிழையை மேடம் விளக்கிய பிறகும், கற்பனை என்பது இல்லாததை இருப்பதாக நினைப்பது, கட்டளை என்று மாற்றினால் இப்போதே கையெழுத்து என்றார். பேனாவைத் திறந்தும் வைத்துவிட்டார். மேடம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். "மாத்த மாட்டேன் சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் சுருக்கத்தைப் புரட்டினார். "சுத்தமான மிருகத்துல ஏழேழு ஜோடி நோவா பேழையில ஏத்தினான்னு எழுதியிருக்கே. எது சுத்தம்னு பட்டியல் மோசே காலத்துலதானே வரது? நோவாவுக்கு யார் சொன்னா?"

"தெரியலை சார்."

"தெரியாமலா தலைப்பு வெச்சே?"

"தெரிஞ்சிருந்தா ஆராய்ச்சி எதுக்கு சார்? அவருக்கு யாரோ கத்துக் கொடுத்திருக்காங்க. கட்டளைன்னு போட்டா அந்தக் கேள்வியே இல்லாமப் போயிடும்."

மேடம் மிதிப்பதை நிறுத்திவிட்டார். பேராசிரியர் அட்டையில் இருந்த 'கதை'யை மட்டும் அடித்து, கற்பனைகளை அப்படியே விட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். தாளை என் பக்கம் தள்ளும்போது சொன்னார்: "நோவாவுக்கு யார் சொன்னான்னு கண்டுபிடிச்சு வை. கடைசியில வைவா பரீட்சைக்கும் நான்தான் வருவேன்."

எழுதாத சட்டத்தை ஆராயக் கிளம்பியவள், எழுதிய ஒரே ஒரு சொல்லைக் காப்பாற்றுவதிலேயே முதல் வருடத்தை முடித்துவிட்டேன்.