மின்சாரம் போன பிறகும் நிற்காத உறுமி

1983 மே 14, சனிக்கிழமை, மாலை நாலு பத்து, தூறல். கொட்டாம்பட்டித் திருவிழா மேடையில் நான் எழுதிய அம்மன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். பின்னணிக்கு, ஆனையூர்க் கல்யாணமொன்றில் யாரையும் கேட்காமல் நான் பதிவு செய்த உறுமி கேசட். இரண்டாம் சரணத்தில் மின்சாரம் போய்க் கேசட் நின்றது. மானம் போயிற்று என்று நினைத்தேன்.

விட்ட இடத்திலிருந்து அதே அடி மேடைக்குக் கீழேயிருந்து தொடர்ந்தது. சாமி ஊர்வலத்துக்கு வந்திருந்த உறுமிக்காரர்! எப்படியோ பாடி முடித்தேன்.

"பாட்டு உங்களது, சரி. ஆனையூர்ல நான் அடிச்ச அடி எப்பண்ணே உங்களதாச்சு?" என்றார். கூட்டம் சிரித்தது.

அங்கேயே அவர் பெயரைக் கேட்டு, அடி அவருடையது என்று கூட்டத்துக்குச் சொன்னேன்.

"இம்புட்டுத்தானே! அடுத்த பாட்டை எடுங்க, நானே வாசிக்கிறேன்."

அந்த அடி இன்னும் காதில் இருக்கிறது. அதன்பின் கேட்காமல் எவர் இசையையும் எடுத்ததில்லை. அந்தப் பாடத்துக்கு ஆன செலவு: அவருக்குக் கொடுத்தது ஐம்பது, கேசட்டுகளுக்கு அவர் பெயர் போட்டு அச்சடித்த புது அட்டைகளுக்குப் பதினெட்டு. மொத்தம் அறுபத்தெட்டு ரூபாய்.