பட்டுச்சேலை கட்டிக் கேட்ட உதவி

முழங்கால் வலியோடு ஜெபிக்கிற என் சகோதரிகளே, செல்லூர் ஞானம்மா பேசுகிறேன். ஞானமெல்லாம் பெயரில்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெயரை எழுத எனக்குத் தெரியாமல் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் எங்கள் எஸ்தர் டீச்சர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒன்றும் எழுதவில்லை. "இந்த மாசத்தோட வகுப்பு முடியுது"ன்னு மட்டும் சொன்னார். 

டீச்சர் பசுமலையில் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, சாயங்காலம் எங்களைப் போன்ற பெரிய பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தார். தறியில் நிற்கிறவர்கள், நூல் சுற்றுகிறவர்கள், இட்லிக்கடை போட்டவர்கள் எல்லாரும் வருவோம். அரசாங்கம் நடத்திய வகுப்புகள் அதற்கு முன்பே ஓய்ந்துபோயிருந்தன. எங்கள் அறைக்கு வெளிநாட்டில் ஒரு சபை உதவிக்கொண்டிருந்தது. அவர்கள் வேறு தேசத்துக்கு உதவப் போகிறோம் என்று நிறுத்திவிட்டார்கள்.

நான் ஏன் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் வேதத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். என் முறை வரும்போதெல்லாம் நான், "கண்ணாடி வீட்ல இருக்கு, அடுத்தாளு வாசிங்க" என்பேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. பல வருஷம் இதையே சொன்னேன். ஒரு தடவை பக்கத்தில் இருந்த மரியம், "மதினி, அந்தக் கண்ணாடிய ஒரு நாளாச்சும் வெளிய கூட்டிட்டு வாங்க, நாங்க பாத்ததே இல்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆண்டவர் எனக்கென்று எழுதிக் கொடுத்ததை, அடுத்தவள் வாய்வழியாகவே கேட்டுச் சாகப் போகிறேனா என்று அழுதேன். மறுநாளே டீச்சரிடம் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது பாதி எழுத்து கற்றாகிவிட்டது. மீதி எழுத்துக்கு முன்னால் கதவைச் சாத்துகிறார்கள். என் வயசுக்கு இன்னொரு கதவு திறக்குமா?

டீச்சர் சும்மா இருக்கவில்லை. உதவி செய்கிற நிறுவனங்களைத் தேடி அலைந்தார். போகாத ஊர் இல்லை, எழுதாத விண்ணப்பம் இல்லை. ஒருவர், "சின்னப் பிள்ளைகளுக்குன்னா தருவோம், பெரியவங்களுக்குக் குடுத்து என்ன வரப்போகுது?" என்றாராம். இன்னொருவர் கட்டடம் கட்டினால் தருவாராம், பெயர் போட்ட கல் பதிக்க வேண்டுமாம். கப்பலூரில் ஒரு கம்பெனிக்காரரைப் பார்க்க நானும் கூடப் போனேன். அவர் நல்ல மனுஷன், காபி கொடுத்தார். "படிப்பெல்லாம் எதுக்கு, ஊறுகாய் போடப் பழக்குங்க டீச்சர், உதவுறேன்" என்றார். நான், "ஐயா, ஊறுகாய் நான் உங்களுக்குச் சொல்லித் தாரேன். அந்தப் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கத்தான் ஆள் தேடுறோம்" என்றேன். அவர் சிரித்தார். உதவி வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

கொட்டகை முதலாளி சுப்புராமையா, சௌராஷ்டிரக்காரர், மரியாதையான ஆள். அந்த அறையில் நூல் மூட்டை அடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது நியாயம்தான். அவருக்கு என்னைச் சீண்டாமல் இருக்க முடியாது.

"என்ன பாட்டி, உங்க சாமியும் கைய விரிச்சிட்டாரா?"

"எங்க சாமி எப்பவுமே கைய விரிச்சுத்தான்யா நிக்கிறாரு. வாங்கன்னு கூப்புடுறதுக்கு."

வாய்தான் பேசியது. உள்ளே பயம்.

அப்போதுதான் சென்னையில் இருந்து ஒரு அறக்கட்டளை பதில் போட்டது. வசந்தா என்ற அம்மா நேரில் வந்து வகுப்பைப் பார்ப்பார், பிடித்திருந்தால் உதவுவார்கள். எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இங்கேதான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். ஊரில் இருந்து விருந்தாள் வந்தால் நாம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். அறைக்கு வெள்ளையடித்தோம். பெட்டியில் இருந்த பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினோம். கேசரி கிண்டினோம், மல்லிகைப்பூ மாலை கட்டினோம். தறியில் நிற்கிற செல்வி, "அம்மாச்சி, நாம எழுத்துக்கூட்டித் திக்குனா டீச்சருக்குல்ல அவமானம்? நல்லாத் தெரிஞ்சதா வாசிச்சுக் காட்டுவோம்" என்றாள். எல்லாருக்கும் அது சரியாகப்பட்டது. டீச்சருக்கு மனசில்லை. ஆனால் எங்கள் ஆசையைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டார்.

நல்லாத் தெரிந்தது எது? ஞாயிறு பள்ளியில் சின்ன வயசில் மனப்பாடம் செய்த வேதத்துச் சங்கீதம். வசந்தா அம்மா வந்து உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகத் தண்ணீர் மாதிரி ஓதினோம். நான் கண்ணை மூடிக்கொண்டே ஒரு வசனத்தை முடித்துவிட்டேன்.

அந்த அம்மா கேசரி சாப்பிட்டார். மாலையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். கிளம்பும்போது டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்: "ரொம்ப சந்தோஷம் டீச்சர். ஆனா இவங்க எல்லாருக்கும் நல்லா வாசிக்கத் தெரியுதே. வசதியாவும் இருக்காங்க. எழுத்தே தெரியாத ஊருங்க எத்தனையோ இருக்கு. நாங்க அங்கதான் குடுக்க முடியும்."

கார் போய்விட்டது. செல்வி பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டீச்சர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் நூல் சுற்றிக்கொண்டே ஜெபித்தேன். தறிச் சத்தத்தில் நான் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது. அதனால் கத்தியே ஜெபித்தேன். அலங்கார வார்த்தை எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, உமக்குத் தெரியும் எங்க லட்சணம். அந்தம்மாவுக்குத் தெரியாமப் போச்சு. அந்தம்மாவ ஒரே ஒரு தடவை திருப்பி அனுப்பும். எங்கள உள்ளபடி காட்டிருறோம். அதுக்கப்புறம் இல்லைன்னு சொன்னா நான் வாயத் திறக்க மாட்டேன்." நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய பொருத்தனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வந்தோம். தலையெல்லாம் பஞ்சு, வேர்வை, பழைய சேலை. மூடும்வரை நடத்துவோம் என்று டீச்சர் பலகையில் 'மழை வந்தது' என்று எழுதினார். நான் எழுந்து குச்சியை வைத்து, "ம... ம... ழ..." என்று முட்டிக்கொண்டு நின்றேன். 'ழை' வரவே இல்லை. செல்வி எடுத்துக்கொடுக்கப் பார்த்து அவளும் தப்பாகச் சொன்னாள். தறிச் சத்தத்தில் வாசலில் யாரோ நின்றது எங்களுக்குத் தெரியவில்லை.

"நேத்து சங்கீதம் வாசிச்ச பாட்டிதானே நீங்க?"

திரும்பிப் பார்த்தால் வசந்தா அம்மா. என் கையில் இருந்த குச்சி விழுந்துவிட்டது.

"அது வாசிச்சது இல்லம்மா. அது சின்னப் பிள்ளையில இருந்து வயித்துல கெடக்கு. கண்ணுக்கு இன்னும் வரல."

"அப்ப நேத்து ஏன் இதைக் காட்டல?"

"விருந்தாளுக்கு யாரும்மா பழைய சோத்த வைப்பாக?"

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் எங்களோடு உட்கார்ந்தார். அப்புறம்தான் வந்த காரணத்தைச் சொன்னார். முந்தின நாள் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டாராம். போன இடமெல்லாம் தேடிவிட்டுக் கடைசியாக இங்கே வந்தாராம். "கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழுத்தும் தெரியல. பலகையில என்ன இருக்கு பாட்டி, வாசிங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணாடி இல்லை என்று இத்தனை வருஷம் நான் சொன்ன சாக்கை, ஆண்டவர் நிஜமாக்கி ஒரு ஆளை என் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்! மறுபடி முட்டினேன், திக்கினேன். டீச்சர் உதவவில்லை. 'ழை' வந்தது. மழை வந்தது என்று முடித்தபோது அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. கண்ணாடி முந்தின நாள் மாலைக் குவியலுக்குள் வாடின பூவோடு கிடந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

உதவி வந்தது. நாங்கள் கேட்ட அளவுக்கு இல்லை. ஒரு வருஷத்துக்கு மட்டும்தான். சுப்புராமையா நூல் மூட்டையை வேறு இடத்தில் அடுக்கிக்கொண்டார். அடுத்த வருஷம் டீச்சர் மறுபடி அலைந்தார், நாங்கள் மறுபடி பயந்தோம். பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு யார் பார்க்க வந்தாலும் தலையில் பஞ்சோடுதான் உட்கார்ந்தோம், திக்கித் திக்கித்தான் வாசித்தோம்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொண்டிருக்கலாம். ஆண்டவரிடம் போகும்போது பட்டுச்சேலை தேடாதீர்கள். நிற்கிற கோலத்திலேயே போங்கள். நமக்குத் தெரிந்ததை அவரிடம் ஓதிக் காட்ட வேண்டாம், தெரியாததைக் காட்டினால் போதும். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.

கடைசியாக ஒன்று. அந்த இரண்டாம் வருஷம் ஒரு நாள் ஐக்கியத்தில் என் முறை வந்தது. மரியம் வழக்கம்போல, "மதினி, கண்ணாடி வீட்லயா?" என்றாள். நான் பையைத் திறந்து, மகன் வாங்கித் தந்த புதுக் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினேன். ஒரே ஒரு வசனம்தான். நான் முடிப்பதற்குள் எல்லாருடைய டீயும் ஆறிவிட்டது. ஒருத்தியும் குடிக்கவில்லை.