பிரகதீஸ்வரியின் அமெரிக்கத் தாள்

எம்.ஏ. முடித்தால்தான் அரிமளத்துத் தனியார் பள்ளியில் பிரகதீஸ்வரிக்கு அடுத்த ஆண்டும் வேலை. அஞ்சல் வழிப் படிப்பில் அமெரிக்க வரலாறு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மறுநாள் மூன்றாவது முறையாகத் தேர்வு. விடுதலை பெற்ற பதிமூன்று மாநிலங்களும் முதலில் அமைத்த கூட்டமைப்பு ஏன் தோற்றது என்பது எத்தனை படித்தும் மண்டையில் ஏறவில்லை.

கணவன் திருமுருகன் கண்மாய்க் கூட்டத்திலிருந்து களைத்து வந்தான். மூன்று ஊருக்கும் பொதுவான கண்மாயில் மடை உடைந்து தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன முடிவாச்சுங்க?”

“அடைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆள் அனுப்பத்தான் ஒரு ஊரும் தயாரா இல்ல.”

“தலைவர் உத்தரவு போடலாமுல்ல?”

“தலைவரா? ஒரு ஊர்க்காரரைப் போட்டா, அவங்களுக்கு நாங்க கீழயான்னு மத்த ரெண்டு ஊரும் கிளம்பிரும். கோயில்ல முதல் மரியாதைச் சண்டையே இன்னும் ஓயல. டீ குடிச்சதுதான் மிச்சம்.”

பிரகதீஸ்வரி புத்தகத்தை மூடினாள். அந்த மாநிலங்களும் இப்படித்தான். அவற்றின் பொது அவை கேட்கலாம், கட்டளையிட முடியாது. வரியும் தராமல், படைக்கு ஆளும் அனுப்பாமல் ஒவ்வொன்றும் தன் கௌரவத்தைக் காத்துக்கொண்டது.

மறுநாள் அதையே பக்கம் பக்கமாக எழுதினாள். தேறிவிடுவோம் என்று தெரிந்தும் பஸ்ஸில் வரும்போது அசதிதான் மிஞ்சியது.

தேர்வில் எழுதியதை அவள் சொல்லி முடித்ததும் கட்டிலில் கிடந்த திருமுருகன் கேட்டான். “அந்த அமெரிக்காக்காரங்க கடைசில ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒத்துக்கிட்டாங்க. வரி போட, படை வைக்க அதிகாரமுள்ள அரசாங்கம் வந்துச்சு. அதுக்கு ஏழெட்டு வருசமாச்சு.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

“நமக்கு ஒரு வாரத் தண்ணிதான் கெடக்கு, பிரகதி.”